17,000 பேரை அனுப்பிவிட்டு ஆயிரம் பேர் கூடியது எப்படி?

10 மார்ச் 2025 (வாசகர் கேள்வி)

போன அக்டோபரில் போயிங் 10 சதவீதம், அதாவது 17,000 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னது. ஆண்டறிக்கையைப் பார்த்தால் 2023 கடைசியில் 1,71,000 பேர், 2024 கடைசியில் 1,72,000 பேர். கூட்டல் கழித்தல் எனக்கு மறந்துபோச்சா, அவங்களுக்கா? என் மச்சான் பெங்களூரில் இந்தத் துறையில்தான் கான்ட்ராக்டில் இருக்கான். அதனால கேட்கிறேன்.

10 மார்ச், இரவு 11.20 (பதில்)

இரண்டு கணக்கும் சரி. அறிவிப்பது ஒரு நாள், ஆள் வெளியே போவது வேறு நாள். அறிவித்தது அக்டோபர் 11. கடிதம் கைக்கு வந்தது நவம்பர் நடுவில். அமெரிக்காவில் 1988-ல் வந்த சட்டப்படி, கூட்டமாக ஆளை எடுக்கும் பெரிய நிறுவனம் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆகவே கடிதம் வாங்கியவர் ஜனவரி நடு வரை சம்பளப் பட்டியலில் இருப்பார். டிசம்பர் 31 அன்று தலையை எண்ணினால் அவர் தலையும் அதில் உண்டு.

அதோடு, 2024-ல் முதல் எட்டு மாதம் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். செப்டம்பர் 13-ல் 33,000 மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். 53 நாள் நடந்தது அது. நாலு வருடத்தில் 38 சதவீத உயர்வு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

11 மார்ச், காலை

நேற்று எழுதியதைப் படித்தால் 17,000 பேருக்கும் கடிதம் போனது மாதிரி இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாதிரி அறிவிப்பில் வருகிற எண், குறைக்க வேண்டிய இடங்களின் எண். ஓய்வு பெறுகிறவர், தானாகப் போகிறவர், நிரப்பாமல் விடுகிற நாற்காலி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். எண் பெரிதாக இருந்தால் பங்குச்சந்தைக்குச் சந்தோஷம். சின்னதாக இருந்தால் தொழிற்சங்கத்துக்குச் சந்தோஷம். யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

11 மார்ச், மாலை

இன்னொன்று விட்டுப்போச்சு, இதுதான் முக்கியம். 737-ன் உடற்பகுதி கன்சாஸில் விச்சிட்டா என்ற ஊரில் செய்யப்படுகிறது. அந்த ஆலை போயிங்குடையதாகத்தான் இருந்தது. 2005-ல் விற்றுவிட்டார்கள், ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் ஆனது. அதே கொட்டகை, அதே விமானம், ஆனால் விற்ற மறுநாளே அத்தனை பேரும் போயிங் கணக்கில் இல்லை. போன ஜூலையில் 470 கோடி டாலருக்குத் திரும்ப வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அது முடியும் நாளில் ஒருவரைக்கூடப் புதிதாக எடுக்காமல் தலைக்கணக்கு ஏறும். அப்போது யாராவது “போயிங் ஆயிரக்கணக்கில் வேலை கொடுக்கிறது” என்று எழுதுவார். இங்கே வந்து சிரிப்போம்.

12 மார்ச்

“இதெல்லாம் ஒரு லேஆஃபா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழசைச் சொல்கிறேன். சியாட்டில் வட்டாரத்தில் 1967-ல் போயிங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல். 1971 ஏப்ரலில் 39,000-க்கும் கீழே. 747-ஐ உருவாக்கிய செலவு கழுத்தை நெரித்தது, விமான நிறுவனங்கள் வாங்கவில்லை, ஒலியை மிஞ்சும் பயணி விமானத் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1971 மார்ச்சில் பணத்தை நிறுத்தியது. அடுத்த மாதம் வீட்டுமனை வியாபாரிகள் இரண்டு பேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள்: சியாட்டிலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்.

பெங்களூரில் அப்படி ஒன்று வைத்தால், அந்தக் கடைசி ஆள் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றுகொண்டிருப்பார். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

14 மார்ச்

எனக்குத் தலைக்கணக்கைவிட உறுத்துவது வேறு. யார் போனார் என்பது. 1,61,000 (2019), 1,41,000 (2020), 1,71,000 (2023). இந்த மூன்று எண்ணை மட்டும் பார்த்தால், போன 20,000 பேர் திரும்பி வந்து கூடவே இன்னும் பத்தாயிரம் பேரையும் கூட்டி வந்த மாதிரி இருக்கும். வந்தது அவர்கள் இல்லை. கொரோனா நேரத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஓய்வில் போன முப்பது வருடக்காரர் ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் இடத்துக்கு வந்தவர் நேற்றுவரை பீட்சாக் கடையில் இருந்திருக்கலாம். கணக்கில் இருவரும் ஆளுக்கு ஒரு தலை.

2024 ஜனவரி 5, அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் விமானத்தில் கதவு அடைப்பு (தேவைப்படாத கதவு இடத்தை மூடும் பலகை) பறந்ததே, அதன் விசாரணை விவரத்தைப் படியுங்கள். நாலு போல்ட் இல்லை. ஆலையில் அந்த அடைப்பைக் கழற்றியது 2023 செப்டம்பரில். கழற்றியதற்குக் காகிதமே கிடையாது. கதவுக் குழுவில் 24 பேர். அதில் ஒரே ஒருவர்தான் அதற்குமுன் அப்படி ஓர் அடைப்பைக் கழற்றிப் பழகியவர், அன்றைக்கு அவர் விடுமுறை.

இருபத்து நாலு தலை, ஒரு கை. நான் இதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது.

14 மார்ச், இரவு

“கொரோனாவால் வந்த வினை, அவ்வளவுதான்” என்பவருக்கு: 1995-ல் ஆர்டர் மந்தம் என்று முன்கூட்டி ஓய்வு கொடுத்து ஆயிரக்கணக்கான அனுபவசாலிகளைப் போயிங் அனுப்பியது. அடுத்த வருடமே ஆர்டர் கொட்டியது. உற்பத்தியை இரட்டிப்பாக்கப் போனார்கள். உதிரி வரவில்லை, வந்ததைப் பொருத்தத் தெரிந்த ஆள் போதவில்லை. 1997 அக்டோபரில் 737, 747 இரண்டு வரிசைகளையும் ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த வருடம் நஷ்டம். ஆர்டர் குவிந்து கிடந்தும் நஷ்டம்!

16 மார்ச், ஞாயிறு

கேட்டதால் சொல்கிறேன், இந்தக் கிறுக்கு எனக்கு அப்பாவிடம் இருந்து வந்தது. கே.ஜி.எஃப். ஆள். தாத்தா தங்கச் சுரங்கத்தில். “பூமிக்குள்ள நான் போனது போதும், நீ மேல பார்த்து வேலை தேடு” என்று அவர் சொல்ல, அப்பா 1968-ல் பெங்களூரின் அரசு விமான ஆலையான ஹெச்.ஏ.எல்.-இல் ஃபிட்டராகச் சேர்ந்தார். முதலில் மாருத், கடைசியில் ஜாகுவார், இரண்டும் போர் விமானம். மாருத் மொத்தமே 147 தான் செய்தார்கள். அதில் முக்கால்வாசி இறக்கைக்குள் தன் முழங்கை இடித்திருக்கிறது என்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

விமானத் தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிப்பது இரண்டு ஆள் வேலை. வெளியே ஒருவர் அதை அடிக்கும் துப்பாக்கியோடு. உள்ளே ஒருவர் டாலியை முட்டுக் கொடுத்துக்கொண்டு. டாலி என்பது ஓர் இரும்புக் கட்டி, ஒன்றரைக் கிலோ இருக்கும். நடுவில் தகடு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. உள்ளே இருப்பவர் தட்டிக் காட்டுவார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு தட்டு என்றால் சரி. பின்பக்கம் நசுங்கி விரியும் தலை, ரிவெட் தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் பிடிக்காது, கூடினால் தகடு நெளியும். அளவி வைத்துப் பார்ப்பது பிறகு. உள்ளங்கையில் வருகிற அதிர்வு மாறும்போதே அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

“எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டேன் ஒருமுறை. “தோசை வெந்தது உங்கம்மாவுக்கு எப்படித் தெரியுது, அப்படித்தான்.” அம்மா சமையல்கட்டில் இருந்தே, “எனக்குக் காது நல்லா கேட்குது, அதான் வித்தியாசம்” என்றாள். அப்பாவுக்கு வலது காது பாதிதான். பேரன் போன் பண்ணினால் இடது காதுக்கு மாற்றிக்கொள்வார்.

முதல் வருடம் முழுக்க அப்பா ஒரே மூத்தவர் துப்பாக்கிக்கு உள்பக்கம் நின்றாராம். தப்பாக ஒரு தட்டு தட்டினால் வெளியே இருந்து தெலுங்கில் திட்டு விழும். தெலுங்கு கற்றது அப்படித்தான்.

17 மார்ச்

இல்லை சார், இப்போது எல்லா ரிவெட்டையும் ரோபோ அடிப்பதில்லை. இறக்கையில் பெரும்பகுதி இயந்திரம்தான். சந்து பொந்துக்கு இன்னும் கை.

19 மார்ச்

“ஏர்பஸ் மட்டும் யோக்கியமா?” நல்ல கேள்வி, நானும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதத் தொடங்கினேன்.

2020 ஜூன் 30 அன்று ஏர்பஸ் 15,000 என்றது. ஜெர்மனி 5,100, பிரான்ஸ் 5,000, பிரிட்டன் 1,700, ஸ்பெயின் 900, மீதி மற்ற நாடுகளிலும் ஜெர்மன் துணை நிறுவனம் ஒன்றிலும். ஆனால் 2019 கடைசியில் 1,35,000 ஆக இருந்தவர்கள் 2021 கடைசியில் 1,26,000 சொச்சம்தான் ஆனார்கள். அறிவித்ததில் பாதி கொஞ்சம் கூட. ஏன் என்றால் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் வேலை நேரத்தைக் குறைத்து, அதனால் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஆள் வீட்டில் இருப்பார், பெயர் பட்டியலில் இருக்கும், கை மறக்காது. 2024 கடைசியில் 1,57,000. அந்த வருடம் ஏர்பஸ் 766 விமானம் கொடுத்தது, போயிங் 348.

இந்த வித்தியாசத்தை முழுக்க ஆள் வைத்திருந்ததன் பலன் என்று சொல்ல எனக்கே ஆசை. பொய்யாகிவிடும். போயிங்கின் 737 மேக்ஸ் விபத்துகள் இரண்டு, 346 உயிர், அதனால் 2019 மார்ச் முதல் விமானம் தரையில், பிறகு 787 கொடுப்பதை நிறுத்தியது, போன வருட வேலைநிறுத்தம், எல்லாம் சேர்ந்தது அந்த 348. அதோடு ஏர்பஸ்ஸும் 2007-ல் ஏ380 தாமதத்துக்குப் பிறகு 10,000 பேர் என்று அறிவித்த கம்பெனிதான். போன அக்டோபரில்கூட அதன் ராணுவ, விண்வெளிப் பிரிவில் 2,500 வரை என்றார்கள், டிசம்பரில் 2,043 ஆக்கினார்கள். யோக்கியம் எல்லாம் இல்லை. அந்த நாட்டுச் சட்டம் அப்படி.

22 மார்ச்

மச்சானுக்காகக் கேட்டவர் தனியாகக் கேட்டிருந்தார், நான் எப்படி வெளியே வந்தேன் என்று. இங்கேயே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், வாடிக்கையாளர் பெயரும் வேண்டாம்.

நான் ஸ்ட்ரெஸ் என்ஜினியர். மனசு ஸ்ட்ரெஸ் இல்லை, உலோக ஸ்ட்ரெஸ். கதவைச் சுற்றியுள்ள சட்டத்தில் எவ்வளவு சுமை ஏறும், எத்தனை ஆயிரம் பறப்புக்குப் பிறகு விரிசல் விழும் என்று கணக்குப் போடுவது. வேலை வெளிநாட்டு விமானத் தயாரிப்பாளருக்கு, சம்பளம் இங்கே ஒரு சேவை நிறுவனத்தில். 2020 ஏப்ரலில் பிராஜெக்ட் நின்றது. இரண்டு மாதம் பெஞ்ச், அதாவது வேலை இல்லாமல் சம்பளப் பட்டியலில். ஜூனில் ஹெச்.ஆர். பெண் போன் பண்ணினாள், என் தங்கை வயசு இருக்கும். “சார், நீங்களே ரிசைன் பண்ணிட்டீங்கன்னா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் சுத்தமா இருக்கும். ஒரு மாச சம்பளம் எக்ஸ்ட்ரா.” அவள் குரலும் சரியில்லை. அடுத்த மாதம் அவளும் இல்லை.

ரிசைன் செய்தேன். நாலு வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது, கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். அதுவும் போச்சு. எங்கள் குழுவில் 31 பேர், எல்லாரும் “ரிசைன்” செய்தவர்கள்தான். ஆகவே எந்த லேஆஃப் கணக்கிலும் நாங்கள் இல்லை. விமானம் செய்கிறவன் கணக்கில் முதலில் இருந்தே இல்லை, எங்கள் கம்பெனி கணக்கில் நாங்களாகவே போனவர்கள். 17,000, 15,000 என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 31 ஞாபகம் வரும்.

லேப்டாப் கொடுக்க ஆபீஸ் போனேன். மாடி முழுக்க இருட்டு. செக்யூரிட்டி தாளில் எழுதினார்: லேப்டாப் ஒன்று, சார்ஜர் ஒன்று, மவுஸ் ஒன்று. என் டிராயரில் அப்பாவின் டாலி இருந்தது, காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன். ரிட்டயர் ஆன அன்று கூட வேலை செய்தவர்கள் குரோம் பூசி அவருக்குக் கொடுத்தது. செக்யூரிட்டி கையில் வாங்கிப் பார்த்தார். “சார், இது கம்பெனி இரும்பா?” இல்லை, அப்பாவுது என்றேன். “அப்படின்னா கேட் பாஸ் வேணும் சார்.” கேட் பாஸ் போட வேண்டிய அட்மின் ஆள் போன வாரமே போய்விட்டாராம். முக்கால் மணி நேரம் அந்த இரும்பை மடியில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே, “ஹோகி சார்” (போங்க சார்) என்று விட்டுவிட்டார்.

23 மார்ச்

“சட்டம் இருக்கே” என்பவருக்கு. இருக்கிறது. நாங்கள் ரிசைன் செய்தபோது அமலில் இருந்த 1947 தொழில் தகராறுச் சட்டப்படி, ஒரு வருடம் வேலை பார்த்த தொழிலாளியை எடுத்தால் ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலை என்றால் அரசு அனுமதி. ஆனால் ரிசைன் செய்தவரை யாரும் “எடுக்கவில்லையே”. கையெழுத்துப் போடும் முன் இதை யோசித்திருக்க வேண்டும். 31 பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை, எல்லாரும் என்ஜினியர்!

25 மார்ச்

பெங்களூர் செய்தி வந்துவிட்டது, பார்த்திருப்பீர்கள். போயிங்கின் இங்குள்ள பொறியியல் மையத்தில் டிசம்பர் காலாண்டில் 180 பேர் வரை போனதாக. இந்தியாவில் மொத்தம் சுமார் 7,000 பேர். போன வருடம் ஜனவரியில்தான் தேவனஹள்ளியில் 43 ஏக்கரில், 1,600 கோடியில் வளாகத்தைப் பிரதமர் திறந்தார்.

“அவ்வளவு பெரிய கட்டடம் கட்டியவன் ஆளை அனுப்புவானா?” என்கிறார்கள். அனுப்புவான். கட்டடம் இருபது வருடக் கணக்கு, ஆள் காலாண்டுக் கணக்கு. 180 என்பது அந்தக் கம்பெனியின் சொந்தப் பட்டியலில் உள்ளவர்கள். இந்த ஊரில் இந்த வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் என்னை மாதிரி வெளிப் பட்டியல். புதுப்பிக்காத கான்ட்ராக்ட் செய்தி ஆவதில்லை.

மச்சான் பயப்பட வேண்டுமா என்றால், கேட்க வேண்டிய கேள்வி அவன் கம்பெனியில் எத்தனை பேர் என்பது இல்லை. அவன் பார்க்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும் விமானத்துக்கா, இனிமேல் வரப்போகும் விமானத்துக்கா? பணம் முடை வந்தால் முதலில் நிற்பது வரப்போவது.

28 மார்ச்

ஹெச்.ஏ.எல்.-இல் யாரையும் அனுப்புவதில்லை, அதைப் பார்த்துக் கற்கட்டும் என்று நான் வேறு ஓர் இடத்தில் எழுதியதை எடுத்துப் போட்டிருக்கிறார் ஒருவர். சரி, பிடிபட்டேன். அனுப்புவதில்லை, ஆனால் குறைகிறது. 2010 வாக்கில் 30,000-க்கு மேல், இப்போது சுமார் 24,000. ரிட்டயர் ஆகிறவர் இடம் முழுக்க நிரம்புவதில்லை, கான்ட்ராக்ட் ஆள் வருகிறார். மெதுவாக நடக்கிற லேஆஃப் என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

நிரந்தர வேலை என்பதும் சும்மா கிடைத்த வரம் இல்லை. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள், பெங்களூரின் அரசு ஆலைகளான ஹெச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., ஹெச்.எம்.டி., பெமல் எல்லாம் நின்ற போராட்டம் உண்டு. எனக்கு அப்போது இரண்டு வயது. அம்மா சொல்வாள்: முருகேஷ்பாளையாவில் எங்கள் தெருவில் பொங்கலுக்கு எந்த வீட்டிலும் புதுத்துணி இல்லை, அதனால் யாருக்கும் வருத்தமும் இல்லை. 2019 அக்டோபரில் மறுபடி ஒன்று, சம்பள உயர்வுக்காக, சுமார் 20,000 பேர். அப்பா 73 வயதில் கேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். முழங்கால் வலி ஒரு வாரம்.

ஆள் இருந்தால் போதுமா என்பதும் கேள்விதான். 83 தேஜஸ் போர் விமானத்துக்கு 2021 பிப்ரவரியில் ஹெச்.ஏ.எல்.-க்கு ஆர்டர். அதே வருடம் 99 எஞ்சினுக்கு ஜி.இ. என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் சொன்னார்கள். முதல் எஞ்சின் கொடுத்தது இந்த வாரம்! கை காத்திருக்கிறது, எஞ்சின் வரவில்லை. போயிங்கில் எஞ்சின் வந்தது, கை போய்விட்டது. ஒரு ஊரில் மாவு, ஒரு ஊரில் தோசைக்கல்.

30 மார்ச்

யுகாதி, வீட்டில் ஹோளிகே (போளி). எழுத நேரமில்லை. வரிசையில் நிற்கும் கேள்விகளுக்குப் பிறகு.

2 ஏப்ரல்

“மறதிக்கு என்ன விலை, கணக்கு உண்டா” என்றவருக்கு. உண்டு. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் (பறந்த சகோதரர்கள் இல்லை, வேறு ரைட்) 1936-ல் எழுதினார்: செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான மனித உழைப்பு 20 சதவீதம் குறையும். பேச்சுக்கு, முதலாவதுக்கு ஒரு லட்சம் மணி நேரம் என்றால் இரண்டாவதுக்கு 80,000, நாலாவதுக்கு 64,000, எட்டாவதுக்கு 51,200. விமானக் கம்பெனி விலை சொல்வதே வரைபடத்தில் இப்படி இறங்கும் கோட்டை நம்பித்தான்.

இறங்கிய கோடு மறுபடி ஏறும் என்பதை லாக்ஹீட் டிரைஸ்டாரில் பார்த்தார்கள். 1970-களின் நடுவில் உற்பத்தியைக் குறைத்து ஆளை விட்டார்கள். பிறகு மறுபடி வேகம் கூட்டியபோது, பழைய விமானத்துக்கு ஆனதைவிடப் புதியதுக்கு அதிக மணி நேரம் ஆனது. 250-ஓடு நிறுத்தி, பயணி விமானத் தொழிலை விட்டே லாக்ஹீட் போனது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். “இதுக்கு ஒரு கோடு வேற போட்டானா?” என்றார்.

3 ஏப்ரல்

மச்சானுக்குப் புது கான்ட்ராக்ட் வந்திருக்கிறதாம், ஆறு மாதம். வாழ்த்துகள். பி.எஃப். யார் பெயரில் கட்டுகிறார்கள், நோட்டீஸ் இரண்டு பக்கமும் ஒரே அளவா, இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிசைன் பண்ணச் சொன்னால் மெயிலில் கேளுங்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். போனில் சொல்வதை மெயிலில் எழுத அவர்களுக்குக் கை வராது.

6 ஏப்ரல், ஞாயிறு

ஒன்றரைக் கிலோ டாலியைப் பிடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க முடியாது, கதை விடாதீர்கள் என்று எழுதிய கோயமுத்தூர் நண்பருக்கு: நியாயம். அம்மாவின் காய்கறித் தராசில் வைத்துப் பார்த்தோம். 1 கிலோ 180 கிராம். “குரோம் பூசினதுல அம்பது கிராம் கூடியிருக்கும், அதையும் கழிச்சு எழுது” என்கிறார் அப்பா. குரோம் அவ்வளவு கனம் வராது என்று சொன்னேன். இடது காதைத் திருப்பிக் காட்டுகிறார்.